பூபதியின் ஓட்டுரேகை

2043 மார்ச் 11, புதன்கிழமை காலை 7.40 மணிக்கு, நாமக்கல்லிலிருந்து கொச்சி செல்லும் சாலையில் பொன்னிமேடு சுங்கச்சாவடியைக் கடந்த ஒரு முட்டை வண்டிக்கு முழுக்கட்டணம் பிடிக்கப்பட்டது. ஓட்டுநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியாதவர்' என்று பதிவானது. வண்டியை ஓட்டியவர் அதன் சொந்தக்காரர் பூபதி, வயது நாற்பத்தொன்பது.

பக்கத்து இருக்கையில் இருந்த அவன் மனைவி கோகிலாதான் சாவடியின் மின்பலகையை முதலில் படித்தாள்.

"அறியாதவர்னு போட்டிருக்குதுங்க."

"ஆரை?"

"உங்களத்தான்."

பூபதி சிரித்தான். "பதினாலு மாசம் கழிச்சு வர்றனல்ல. ரோட்டுக்கு அடையாளம் தெரியலயாட்ட இருக்குது. கொஞ்சம் மெலிஞ்சுட்டனோ என்னமோ."

கோகிலா சிரிக்கவில்லை. பலகையில் அடுத்த வரி வந்துவிட்டிருந்தது: இடப்பக்கம் ஒதுங்கி, சலுகைப் பிரிவுக்கு வரவும்.

சலுகைத் திட்டம் வந்த புதிதில் எல்லோருக்கும் அது நல்லதாகவே பட்டது. அடிக்கடி போகிற வண்டிக்குத் தள்ளுபடி. மாதம் நூற்றிருபது முறை சாவடி கடந்து, அப்படியே ஒரு வருடம் விடாமல் போனால் ஒரு படி ஏறலாம். ஏழாம் படிக்காரனுக்குக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். பிறகு கட்டணம் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அடிக்கடி போகிறவர்களுக்குப் பாதிப்பில்லை என்று சாலைக் கம்பெனி அறிவித்தது. அது பொய்யில்லை. ஏழெட்டு வருடத்தில் அந்தச் சாலையில் அடிக்கடி போகிறவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

ஆனால் ஒரே ஒரு மாதம் எண்ணிக்கை குறைந்தாலும் ஒன்றாம் படிக்கு இறங்க வேண்டும். அதனால் யாரும் லீவு போடுவதில்லை. இன்னொரு முட்டை வண்டிக்காரர் செல்லக்குமார், தன் அப்பா செத்த மூன்றாம் நாள் பால் தெளிக்க வேண்டிய காலையில் பாலக்காட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார். "அன்னைக்குப் போகலீனா மாசம் நூத்திப்பத்துதான் வருமுங்க்கா," என்று கோகிலாவிடம் அவரே சொன்னார். "அப்பனுக்குத் தெரியும். அவரும் டிரைவர்தான."

முதலில் சலுகை வண்டியில் ஒட்டிய டேக்குக்குத்தான் இருந்தது. நாமக்கல் ஸ்டாண்டில் பதினொரு பேர் சேர்ந்து ஒரே டேக்கை வண்டிக்கு வண்டி மாற்றி ஒட்டினார்கள். ஒரே ஆள் ஒரு நாளில் இருபத்தாறு மணி நேரம் ஓட்டியதாகப் பதிவான பிறகு கம்பெனி விழித்துக்கொண்டது. ஓட்டுகிற ஆளைத்தான் இனி அடையாளம் காண்போம் என்றது. முகம் பார்க்க கேபினுக்குள் கேமரா வைக்க வந்தபோது ஓட்டுநர் சங்கம் வழக்குப் போட்டு ஜெயித்தது. பட்டாசு கூட வெடித்தார்கள். ஆகவே கம்பெனி முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தது. ஒருவன் பிரேக்கை எப்படித் தொடுகிறான், வளைவுக்கு எவ்வளவு முன்னால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறான், மேடேறும்போது கால் எங்கே அழுந்துகிறது, எல்லாம் வண்டியிலிருந்தே சாலைக்குப் போயின. இரண்டு பேருக்கு அது ஒரே மாதிரி இருக்காது என்றார்கள். அதற்கு ஓட்டுரேகை என்று பெயர் வைத்தார்கள்.

பூபதியின் ஓட்டுரேகை ஏழாம் படியில் இருந்தது. அவன் 2042 ஜனவரியில் ஆலுவாயில் லோடு இறக்கும்போது வண்டியின் மேல்தட்டிலிருந்து வழுக்கி விழுந்தான். வலது தோளும் இடுப்பும் முறிந்தன. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்டது, "இந்த மாசம் எத்தனை ஆச்சு?"

"எழுவத்தஞ்சு," என்றாள் கோகிலா.

நான்காம் நாள் அவள் வண்டியை எடுத்தாள்.

அவளுக்கு லைசென்ஸ் இருந்தது. கிளீனருக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல் போனதிலிருந்து அவள்தான் அவனோடு போய் வந்தாள். காலி வண்டியை ஓட்டியும் இருக்கிறாள். ஆனால் முட்டை வண்டியை ஓட்டுவது வேறு. முட்டைக்காரன் நிறுத்துவதற்காக பிரேக் மிதிப்பதில்லை. நிற்கப்போகிறோம் என்று வண்டிக்குச் சொல்வதற்காகத் தொடுகிறான். முதல் பயணத்தில் அவளுக்கு ஐந்து சாவடியிலும் பச்சை விளக்கு எரிந்தது. பூபதியின் ஓட்டுரேகையோடு பொருத்தம் நூற்றுக்கு எழுபத்தொன்று என்று பலகை காட்டியது. அறுபதுக்குக் கீழே போனால்தான் சிக்கல். கீழே ஒரு வரி: 'திரு. பூபதி, களைப்பாக இருக்கிறீர்கள். ஓய்வெடுங்கள்.'

அதைக் கேட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பூபதி, தோள் வலிக்க வலிக்கச் சிரித்தான். அடுத்த பயணத்திலிருந்து போனில் வந்தான்.

காதில் மாட்டிய சின்னக் கருவியில் அவன் குரல் கிளம்புவதிலிருந்து திரும்புவது வரை இருக்கும். முதல் மாதம் வண்டி எங்கே போகிறது என்று போன் திரையில் பார்த்துச் சொன்னான். பிறகு திரை தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே சொன்னான்.

"பாலம் வருது பாரு. இப்பவே காலை எடு. பிரேக்கைத் தொடாத, தானா எறங்கட்டும். ஆ... இப்ப ஒரு தொடு. விடு. இன்னொரு தொடு."

"தொட்டுட்டனுங்க."

"அழுத்திப்போட்ட. எனக்கு இங்க கேக்குது."

"கட்டில்ல கெடந்துட்டு எனக்கு வாத்தியார் வேலை."

"வாத்தியாருக்குக் கஞ்சி ஊத்தவாவது நேரத்துக்கு வந்து சேரு புள்ள."

பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவே வேறு பேச்சும் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் ஒரு தடவை ஊரை விட்டு ஓடிப்போனது, அவளுக்கு உண்மையில் முட்டையே பிடிக்காது என்பது, குழந்தை தங்காமல் போன அந்த இரண்டு வருடம். இருபத்திரண்டு வருடத்தில் பேசாததையெல்லாம் நடுநடுவே காலை எடு, ஒரு தொடு என்று சொல்லிக்கொண்டே பேசினார்கள்.

பொருத்தம் எண்பதானது, தொண்ணூறானது. பதினாலாம் மாதம் தொண்ணூற்றெட்டு. "நானே ஓட்டுனப்பக்கூட தொண்ணூத்தேழு தாண்டுனதில்ல," என்றான் பூபதி. "என்னையவே எடுத்து உன்ற கையில வெச்சுக்கிட்ட." அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். கோகிலாவுக்கும் பெருமையாக இருந்தது. மருத்துவர் இனி ஓட்டலாம் என்று சொன்ன மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை. அவன் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

சலுகைப் பிரிவில் இருந்த அதிகாரி பெயர் ஹெப்சிபா. முப்பது வயதிருக்கும். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"அடையாள அட்டை சரியா இருக்கு. நீங்கதான் பூபதி. ஆனா ஓட்டுனது பூபதி இல்லைன்னு ரோடு சொல்லுது. உங்க கைக்கு இன்னைக்குப் பொருத்தம் முப்பத்தேழு." அவள் கோகிலாவைப் பார்த்தாள். "ஒளிக்காமச் சொல்லுங்கம்மா. இத்தனை நாள் ஓட்டினது நீங்கதானே?"

கோகிலா பூபதியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"ஆமாங்க. அவரு விழுந்துட்டாருங்க. படி போயிருமேன்னு... அவரு ஓட்டற மாதிரியே ஓட்டிப் பழகுனனுங்க. தொண்ணூத்தெட்டு வந்துதுங்க மேடம்."

"எதோட ஒப்பிட்டு தொண்ணூத்தெட்டு?"

"அவரு கையோடத்தானுங்க."

"இல்லம்மா." ஹெப்சிபா பேனாவைக் கீழே வைத்தாள். "முதல் நாள் எழுபத்தொண்ணு வந்துதே, அதுதான் அவர் கையோட ஒப்பிட்டது. மனுஷனுக்கு வயசாகும், மூட்டு வலிக்கும், கண்ணாடி போடுவான். அதுக்காக ஓட்டுரேகை ஒவ்வொரு கடப்புக்கும் துளித்துளியா தன்னை மாத்திக்கும். நீங்க அவர்கிட்ட போறதா நெனச்சிருக்கீங்க. அது உங்ககிட்ட வந்துக்கிட்டு இருந்திருக்கு. தொண்ணூத்தெட்டுங்கறது நேத்து நீங்க ஓட்டினதோட இன்னைக்கு நீங்க ஓட்டினதை ஒப்பிட்டது."

"அப்ப என்ற கை எங்க போச்சுங்க மேடம்?" என்றான் பூபதி.

"இல்ல சார். அதுக்கு மேல எழுதி எழுதி அழிஞ்சுபோச்சு."

பூபதி தன் வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தான். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஹெப்சிபா வழிகளைச் சொன்னாள். பத்து மணிக்குள் இதை முடிக்காவிட்டால் ஆள்மாறாட்டம் என்று தானாகவே விசாரணைக்குப் போய்விடும். வண்டியைப் பிடித்து வைப்பார்கள். பூபதி இன்று முதல் புது ஆளாக ஒன்றாம் படியில் தொடங்கலாம்; பழையதைக் கண்டுகொள்ளாமல் விட அவளால் முடியும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. "ஓட்டுரேகையைக் குடும்பத்துல ஒருத்தருக்கு மாத்தலாம். படியும் கூடவே போகும். வச்சிருந்தவர் செத்துப்போயிருக்கணும். இல்லேன்னா இனிமே ஓட்டவே லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கணும்."

"எழுதிக் குடுத்தா?"

"லைசென்ஸ் அன்னைக்கே ரத்தாகும். திரும்ப வாங்க முடியாது."

"வேண்டாமுங்க," என்றாள் கோகிலா உடனே. "ஒண்ணாம் படியில இருந்தே வரலாமுங்க. இப்பத்தான் அவருக்குக் கை சரியாச்சு."

"ஆறு வருசம் புள்ள," என்றான் பூபதி. "எனக்கு அம்பத்தஞ்சு ஆயிரும். அதுவரைக்கும் முழுக்கட்டணம்னா வண்டி நமக்கு ஓடாது, ரோட்டுக்குத்தான் ஓடும்." ஹெப்சிபாவிடம் திரும்பினான். "இவ பேருக்கு மாத்துனா ஏழாம் படியே இருக்குமுங்களா?"

"இருக்கும். மாத்தின பிறகு முதல் பத்து கடப்பை மட்டும் சோதிப்பாங்க, பலகையில எதுவும் காட்டாது. சராசரி எண்பத்தஞ்சுக்கு மேல வரணும். அம்மாவுக்குத் தொண்ணூத்தெட்டு வருது, கவலை இல்லை." அவள் ஒரு படிவத்தைத் திறந்தாள். "விசாரணைக்குப் போனா எனக்கு இருபது பக்கம் எழுத்து வேலை சார். இது ரெண்டே பக்கம். ஒரு கேள்வி மட்டும் நான் கேட்டே ஆகணும். ஓட்டும்போது வேற யாராவது எந்த வகையிலாவது உதவினாங்களா?"

ஓட்டும்போது போன் பேசினால் அபராதம் என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் இல்லை, பதினாலு மாதம், காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசியிருக்கிறார்கள். கோகிலாவின் கை தானாகக் காதுக்குப் போய்த் திரும்பியது.

"இல்லீங்க," என்றாள். "நான் ஒருத்திதானுங்க."

பூபதி படிவத்தை வாங்கி, ஒரு தடவை படித்துவிட்டு, வலது கையாலேயே கையெழுத்துப் போட்டான். எழுத்து நடுங்கவில்லை.

அன்றைக்கு மீதிப் பயணத்தைக் கோகிலா ஓட்டினாள்; பேர் மாறும் வரை எந்தச் சாவடியிலும் பொருத்தம் பார்க்க மாட்டார்கள். அவன் இடப்பக்கம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பாலம் வரும்போது அவன் வலது கால் மட்டும் தரையிலிருந்து லேசாக எழுந்து எழுந்து இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஓட்டுரேகை அவள் பேருக்கு மாறிய பிறகு, சோதனைப் பயணம் மார்ச் 16, திங்கட்கிழமை. போக ஐந்து சாவடி, வர ஐந்து. விடிந்ததும் அவள் வண்டியைச் சுற்றிவந்து கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பூபதி வாசலில் லுங்கியோடு நின்றான்.

"கிளம்புனதும் போன் போடட்டுங்களா?"

"எதுக்கு? அது உன்ற கைதான்னு ரோடே சொல்லிருச்சு. நான் எதுக்கு நடுவுல."

"சும்மா பேசிட்டு வரலாமேன்னு."

"பேசிட்டு ஓட்டாத. இப்ப உன்ற பேருல ஓடுது. பாத்துப் போ." உள்ளே போய்விட்டான்.

முதல் பாலத்தில் அவள் குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கால் ஒரு கணம் தடுமாறியது. பிறகு அதுவாகவே இறங்கியது. இரண்டாவது பாலத்தில் காத்திருக்கவில்லை. தன் முன்னால் சாலை இவ்வளவு நீளமாகக் கிடப்பதை அன்றுதான் பார்த்தது போலிருந்தது. சொல்லிக் கேட்டுச் செய்யும் அந்த இம்மி நேரம் இப்போது இல்லை. பார்த்தாள், செய்தாள். பிரேக்கை இரண்டு முறை தொடுவதற்குப் பதிலாக நீளமாக ஒரே முறை தொட்டபோது வண்டி இன்னும் மெதுவாக, எண்ணெயில் வழுக்குவது போல நின்றது. இதை ஏன் இத்தனை நாள் இரண்டாகச் செய்தோம் என்று நினைத்தாள். பாலக்காட்டு மேட்டில் ஒரு சிமெண்ட் லாரியை அவள் முந்தினாள். பூபதி அந்த இடத்தில் முந்தவே மாட்டான். கண்ணாடியை இறக்கிவிட்டாள். மலையிலிருந்து காற்று வந்தது. மனசுக்குள் குற்ற உணர்வாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆலுவாயில் தட்டுகளை இறக்கியபோது ஒரு முட்டைகூட உடைந்திருக்கவில்லை. கடைக்காரர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "சேச்சி, இது ஆத்யமாயிட்டாணு," என்றார். இதுதான் முதல் தடவை என்று.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதைப் பூபதியிடம் சொன்னாள். அவன், "நல்லது," என்றான். சற்றுப் பொறுத்து, "நான் ஓட்டுனப்ப ரெண்டு மூணாவது போகும்," என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை ஹெப்சிபா போனில் அழைத்தாள். கோகிலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நேத்து வண்டி ஓட்டினது நீங்கதானா?"

"நான்தானுங்க மேடம்."

"வேற யாரும் இல்லையே?"

"சத்தியமா நான்தானுங்க."

"சராசரி அம்பத்தெட்டு வந்திருக்கு."

ஹெப்சிபா மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது. "அப்போ அந்தப் பதினாலு மாசம் ஓட்டினது யாரும்மா?"

பூபதிதான் போனை வாங்கினான். கட்டிலில் படுத்துக்கொண்டு தான் சொன்னதையும், அவள் கேட்டுச் செய்ததையும் எல்லாம் சொன்னான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அன்னைக்கு நான் கேட்டேனே சார்."

"போன் பேசிட்டு ஓட்டுனா அபராதம்னு பயந்துட்டமுங்க."

"அதுக்கு ரெண்டாயிரம் ரூபாதான் சார்."

பிறகு ஹெப்சிபாவே சொன்னாள்: "ரோட்டுகிட்ட இருந்தது உங்க கையும் இல்ல, அவங்க கையும் இல்ல. நீங்க சொல்லி அவங்க செய்யறது. அப்படி ஒரு ஆள் எங்க பதிவுல வேற எங்கயும் கிடையாது."

"இன்னொரு தடவை ஓட்டட்டுங்களா மேடம்?" என்றாள் கோகிலா. "அவரு போன்ல சொல்லட்டும், நான் ஓட்டறேன். அதே மாதிரி வந்துருமுங்க."

"ஒரே வாய்ப்புதான்மா. அதோட, இனிமே அவர் சொல்லி நீங்க ஓட்டினா, லைசென்ஸ் ரத்தானவர் ஓட்டின மாதிரிதான் எடுத்துக்குவாங்க." அவள் போனை உடனே வைக்கவில்லை. "நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்," என்றாள். பிறகு வைத்தாள்.

பூபதி போனைக் கோகிலாவிடம் நீட்டினான். "பாலக்காட்டு மேட்டுல ஏதோ வண்டியை முந்துனியா?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி எங்க போகுதுன்னு போன்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். அங்க திடீர்னு வேகம் ஏறுச்சு."

"கூப்பிட்டிருக்கலாமல்ல?"

"நல்லா ஓட்டிட்டிருந்த," என்றான் பூபதி.

மார்ச் 20, வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதில் மூன்று வரிகள் இருந்தன. ஓட்டுரேகை மாற்றம் செல்லாது. திருமதி கோகிலா ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒன்றாம் படியில் சேர்க்கப்படுவார். திரு. பூபதி கொடுத்த தகுதியின்மை உறுதிமொழி செல்லும்.